நார்த்தை இலைக்காக ஒரகடம் சாலையில் ஒரு தாய்லாந்து சமையல் நிபுணருடன்

அன்புத் தோழிகளுக்கு,

இந்த அகால வேளையில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். மணி பன்னிரண்டரை. குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்தாள். எப்போது எழுவாள் என்று தெரியாது, அதனால் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நம் சுற்றுமடலில் இந்த மாதப் பயணக் கட்டுரை என் முறை. ஊட்டி, கொடைக்கானல் என்று நீங்களெல்லாம் எழுதினீர்கள். நான் போனது தாம்பரத்திலிருந்து இருபத்து மூன்று கிலோமீட்டர். ஆனால் ஊட்டிக்கு நடந்தே போயிருந்தால்கூட இவ்வளவு அலுத்திருக்க மாட்டேன்.

காரணத்தைச் சொல்கிறேன். சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் பத்து நாள் தாய்லாந்து உணவு விழா நடந்தது. சமைக்க வந்தவர் மாலீ என்ற அம்மையார். ஐம்பது வயது இருக்கும். பாங்காக்கில் அவருக்கு மூன்று உணவகங்கள், வெளிநாட்டில் ஒன்று. அவரைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தரும்படி ஒரு பெண்கள் பத்திரிகையின் ஆசிரியர் என்னிடம் கேட்டிருந்தார். நன்றாக வந்தால் மாதம் ஒரு பக்கம் எனக்கென்று ஒதுக்குவாராம். குழந்தை பிறந்து வேலையை விட்டபின் எனக்கு வந்த முதல் வாய்ப்பு. ஒரு நிபந்தனையும் போட்டார்: "ஹோட்டல்காரங்க அச்சடிச்ச நோட்டீஸ்ல இருக்கறதையே எழுதினா வேண்டாம். அது எங்கிட்டயே இருக்கு."

இரண்டு தடவை ஹோட்டலுக்குப் போய் நோட்டும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்தேன். எதைக் கேட்டாலும் சிரிப்பார், பிறகு நோட்டீஸில் இருப்பதையே ஒப்பிப்பார். ஏழைக் குடும்பம், கடும் உழைப்பு, சொந்தக் கையால் கண்டுபிடித்த புகழ்பெற்ற மீன் குழம்பு. அவ்வளவுதான். அவர் கவலையெல்லாம் வேறு. ஊரிலிருந்து விமானத்தில் வந்த எலுமிச்சை இலைக் கட்டு கறுத்துப்போய்விட்டதாம். அந்த இலை இல்லாமல் குழம்பு குழம்பே இல்லையாம். நான் வாய் சும்மா இருக்காமல், "என் நாத்தனார் வீட்டில் நார்த்தை மரம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் வெள்ளி, அவருக்கு ஓய்வு நாள். "போகலாம்" என்றார்.

போகிற வழியில் பேட்டி எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பால் குடிக்கும் குழந்தை என்பதால் பத்து மாதக் குட்டியையும் தூக்கிக்கொண்டேன். ஹோட்டல் கார் இரண்டு மணிக்கு எங்களைத் தாம்பரத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. வாலாஜாபாத் பஸ் மூன்று பத்துக்குத்தான் வந்தது. டிக்கெட் தலைக்கு இரண்டே முக்கால் ரூபாய். நோட்டைத் திறந்து, "உங்கள் முதல் உணவகம்..." என்று ஆரம்பித்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி, "அது என்ன கீரை?" என்றார். முடிச்சூர் தாண்டும்வரை கீரைதான். அப்புறம் புளியமரம்.

ஆடி வெள்ளி என்பதை நான் மறந்ததுதான் பெரிய தப்பு. படப்பையில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ரோடு முழுக்கக் கூட்டம், பஸ் நின்றுவிட்டது. மாலீ அம்மையார் எழுந்து இறங்கியே போய்விட்டார்! குழந்தையோடு நான் பின்னாலேயே ஓடினேன். வரிசையில் நின்று ஒரு சொம்பு கூழ் வாங்கிக் குடித்தார். கேழ்வரகை எத்தனை நாள் புளிக்க வைக்கிறார்கள் என்று ஊற்றுகிற அம்மாவிடம் என்னைக் கேட்கச் சொன்னார்.

"ஒரு ராத்திரி போதும்மா. இன்னா, இந்தம்மா எந்த ஊரு? நம்ம ஊரு கூழு அந்த ஊர்ல கெடைக்காதா? இன்னொரு சொம்பு ஊத்தட்டா?"

இன்னொரு சொம்பும் குடித்தார். அதற்குள் பஸ் போய்விட்டது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "நான் கூவிக்கினே கீறேன், நீங்க கூழ் குடிச்சிக்கினே கீறீங்க!" என்று கத்தியது காதில் விழுந்தது. அடுத்த பஸ் ஐந்து பத்துக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஸ்டாப்பில் நின்றோம். குழந்தை அழ, நான் அழாமல் இருக்க, அவர் பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். என் நோட்டில் அதுவரை இருந்தது ஒரே வரி: கேழ்வரகு, ஒரு இரவு.

ஒரகடத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் இறங்கி, ஏரிக்கரையோரமாக ஒன்றரை கிலோமீட்டர் நடந்தோம். வீடு சேர்ந்தபோது ஆறேகால். விளக்கு ஏற்றியாகிவிட்டது.

"வா உமா. இன்னா இம்மா நேரம்? கொயந்தைய இப்பிடியா வெயில்ல தூக்கினு அலையறது?" என்று நாத்தனார் சுலோச்சனா குழந்தையை வாங்கிக்கொண்டார். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கணவரின் அக்கா, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மூன்று ஏக்கர் நெல் பார்க்கிறவர். வாய் சற்று நீளம்.

திரும்பிப் போக எட்டேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்த அவசரத்தில் நேராகக் கொல்லைக்குப் போய் நார்த்தை மரத்தில் ஒரு கொத்தை ஒடித்தேன்.

"ஏய்! இன்னா பண்றே நீ?" அண்ணியின் குரல் ஏரிவரை கேட்டிருக்கும். "வெளக்கு வெச்ச பெறவு செடில கை வெக்கிறியே, அதுவும் ஆடி வெள்ளில! காலேஜ் படிச்சவதானே நீ? செடி தூங்குதுடி!"

எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் கை போய்விட்டது. என்ன கோபம் என்று மாலீ அம்மையார் கேட்டார். சொன்னேன். அவர் உடனே மரத்தைப் பார்த்துக் கைகூப்பித் தலை குனிந்தார். அண்ணிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாரு, சீமையிலேர்ந்து வந்தவங்களுக்குத் தெரியுது. ஒனக்குத் தெரில." பிறகு உள்ளே போய், வேப்பிலைக்கட்டி என்கிற நார்த்தை இலைத் துவையல் இடிக்கக் காலையில் பறித்து நரம்பு கிள்ளாமல் வைத்திருந்த இலையை முறத்தோடு கொண்டுவந்தார்.

மாலீ அம்மையார் ஒன்றைக் கசக்கி முகர்ந்தார். "அதே இலை இல்லை. ஆனால் அதே குடும்பம்" என்றார். "சமைத்துப் பார்த்தால்தான் தெரியும்."

எட்டேகால் பஸ்! யார் கேட்கிறார்கள்? அவர் புடைவை மாதிரி இருந்த பாவாடையை ஏற்றிச் செருகிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டார். பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். மீனை உப்பில் ஊறவைத்து எடுத்த ரசமாம். ஆடி வெள்ளியில், அந்த வீட்டு அடுப்பில்! அண்ணி பார்ப்பதற்குள் பாட்டிலைத் திரும்பப் பைக்குள் போட வைத்தேன். மீனுக்குப் பதில் கத்தரிக்காய், ரசத்துக்குப் பதில் உப்பு என்று முடிவாயிற்று. எனக்குத் தேங்காய் துருவும் வேலை.

அம்மியில் மிளகாய் வைத்து அரைக்கத் தெரியாமல் அவர் குழவியைத் தூக்கி இடித்தார். "ஐய, இடிக்காதீங்க, இழுங்க, இப்பிடி" என்று அண்ணி கையைப் பிடித்துக் காட்டினார். இரண்டு இழுப்பில் பழகிவிட்டது. விழுது நகர ஆரம்பித்ததும் அவர் பேச ஆரம்பித்தார். நான் கேட்கவே இல்லை. என் இரண்டு கையிலும் தேங்காய். நோட்டு கூடத்தில். இதைவிட எரிச்சல் வேறு உண்டா?

பதினொரு வயதில் ஆற்றங்கரையில் அம்மாவின் சோற்றுக் கடையில் கரி விசிறியது. பதினாறில் ஒரு பணக்கார வீட்டில் சமையலுக்குப் போய், அந்த வீட்டுப் பெரிய மனுஷியிடம் ஏச்சு வாங்கி நுணுக்கம் கற்றது. இருபத்தைந்தில் ஐந்து மேசையோடு சொந்தக் கடை. அந்தக் கடையைப் போட்டது அவர் மட்டும் இல்லை, அவரும் அக்காவும். அடுப்பில் அக்கா, மேசைகளுக்கு நடுவில் இவர். அந்தப் புகழ்பெற்ற குழம்பு அக்காவுடையது. பத்திரிகைக்காரர் முதன்முதலில் வந்து யார் சமைத்தது என்று கேட்டபோது, பேசத் தெரிந்த இவர் முன்னால் போய் நின்றார். போட்டோ எடுத்தார்கள். அக்கா உள்ளே பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். அடுத்த பத்திரிகை, அடுத்த போட்டோ. ஆறாம் வருஷம் ஒரு மத்தியானம் அக்கா கரண்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது ஏதோ ஒரு பஸ் நிலையத்தில் கடை வைத்திருக்கிறாராம். பேச்சு வார்த்தை இல்லை. "யார் கேட்டாலும் நான் கண்டுபிடித்தேன் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, விழுதை வழித்துச் சட்டியில் போட்டார்.

அண்ணிக்கு இங்கிலீஷ் தெரியாது. "இன்னாடி சொல்றாங்க?" என்றார். சொன்னேன். அவர் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டார். "அப்ப அந்த அக்காளுக்கு ஒரு லெட்டராவது போடச் சொல்லு" என்றார். இதை நான் மொழிபெயர்க்கவில்லை. துணிச்சல் வரவில்லை.

குழம்பு நன்றாக இருந்ததா என்கிறீர்களா? அண்ணி மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டார். நானும்தான். இலை மணம் நம் ஊறுகாய் மணமாக இல்லாமல் வேறு எதுவோவாக ஆகியிருந்தது.

எட்டேகால் போயே போய்விட்டது. கடைசி பஸ்ஸுக்காக ஸ்டாப்புக்கு நடக்கும்போது கேட்டேன், "அக்காவைப் பற்றி நான் எழுதலாமா?" அவர் முறத்திலிருந்து கட்டிக்கொண்ட இலை மூட்டையை முகர்ந்தார். "தமிழ்ப் பத்திரிகையை எங்கள் ஊரில் யாரும் படிக்க மாட்டார்கள், இல்லையா?" என்றார். எழுதலாம் என்று அர்த்தமா? யாரும் படிக்காத இடத்தில் சொல்லிப் பார்த்தேன், அதோடு விட்டுவிடு என்று அர்த்தமா? மறுபடி கேட்பதற்குள் பஸ் வந்தது, குழந்தை வீறிட்டது, அவர் உட்கார்ந்த உடனே தூங்கிவிட்டார். தாம்பரத்தில் ஹோட்டல் கார் வந்து அவரை அழைத்துப் போய்விட்டது. ஞாயிறு விமானத்தில் ஊருக்கே போய்விட்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். ஆடி வெள்ளியில் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகவே போகாதீர்கள். காலை ஏழு மணி வண்டி நல்லது, உட்கார இடமும் கிடைக்கும். குழந்தை இருந்தால் வெந்நீர் பிளாஸ்கும் நான்கு துணியும் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒரகடம் கூட்டுரோடில் ஒதுங்க இடம் கிடையாது. ஏரிக்கரைப் பாதையில் மாலையில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். யார் வீட்டில் இலை, பூ கேட்பதானாலும் விளக்கு வைக்கும் முன் கேளுங்கள். சமைப்பவரிடம் பேட்டி எடுப்பதானால் சமைக்கும்போது எடுங்கள், தேங்காயை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

என் கட்டுரை இன்னும் பாதியில் நிற்கிறது. அக்காவை விட்டுவிட்டு எழுதினால் அது நோட்டீஸ்தான், ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார், அந்த மாதப் பக்கமும் போய்விடும். அக்காவை எழுதினால் எனக்குப் பக்கம் கிடைக்கும். ஆனால் பேசத் தெரிந்தவள் என்பதற்காக இன்னொருத்தி அடுப்பில் வெந்ததை எடுத்துக்கொண்டு நானும் முன்னால் போய் நிற்கிற மாதிரி இருக்கிறது. மாலீ அம்மையாருக்குக் கடிதம் போட்டுப் பதில் வர மூன்று வாரமாகும். ஆசிரியர் கொடுத்திருப்பது பத்து நாள். வீட்டில் கேட்டால், "உனக்கு எது சரின்னு படுதோ செய்" என்கிறார். அது எனக்குத் தெரிந்தால் நான் ஏன் கேட்கப் போகிறேன்?

எழுதலாமா, வேண்டாமா? இந்தக் கட்டுரையைப் படித்ததும் அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன்னால், தயவுசெய்து ஒரு கார்டிலாவது எனக்கு உடனே பதில் போடுங்கள்.

உமா