எல்லாருக்கும் ஒரே வெட்டு

நான் வேலை செய்யும் அறையில் பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் விளக்கு அணைந்துவிடும். கையை உயர்த்தி ஆட்டினால் மறுபடி எரியும். ஜெர்மனிக்கு வந்து நான்கு ஆண்டுகளாகியும், உள்ளேதான் இருக்கிறேன் என்று கூரைக்குச் சொல்வது எனக்கு விநோதமாகவே இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே பகலெல்லாம் மூடுபனி. ஊரிலிருந்து பேசுகிறவர்கள் என்ன வேலை என்று கேட்பதால் சொல்கிறேன். என் மேசைமேல் நகத்தளவு சிலிக்கன் தகடு ஒன்று இருக்கிறது. வானத்திலிருந்து ஓயாமல் பொழியும் துகள்கள் கூரையையும் என்னையும் ஊடுருவி அதைக் கடக்கும்போது, அதில் மிகச் சிறிய மின்னூட்டம் சிந்துகிறது. அதைப் படிக்கும் மின்னணுச் சில்லைச் சோதிப்பது என் வேலை. சில்லு குறைந்த மின்சாரத்தில் ஓட வேண்டும். கூடினால் சூடு, சூட்டைத் தணிக்கக் குழாய்கள் வேண்டும், அந்தக் குழாய்களில் பட்டே துகள் திசைமாறிவிடும்.

சில்லில் ஆயிரக்கணக்கான சேனல்கள், தகட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்று. எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை. துகள் வராதபோதும் ஒவ்வொன்றும் கொஞ்சம் கூடவோ குறையவோ காட்டும். அதைத் தனித்தனியே சரிசெய்ய ஒவ்வொன்றிலும் ஒரு திருத்த மின்சுற்று உண்டு. அதற்கும் மின்சாரம் வேண்டும். "அதை நிறுத்திவிடு. எல்லாவற்றிலும் ஒரே அளவைக் கழி. ஒத்துவராத சேனல்களை மூடிவிடு" என்றார் குழுத்தலைவி உல்ரிகே. வெள்ளிக்கிழமைக்குள் மின்செலவு வரம்புக்குள் வராவிட்டால் வேறொரு குழுவின் சில்லைத் தேர்ந்தெடுப்பார்கள். என் ஒப்பந்தமும் அதோடு விசாவும் முடியும். தலையாட்டினேன். ஆனால் நிறுத்தவில்லை.

இலங்கையில் நான் வளர்ந்த அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் மழைக்காலத்தில், ஈரக் கொழுந்து என்று எடையிலிருந்து சாக்குக்கு மூன்று கிலோ வெட்டுவார்கள். ஒரு மாசி மாத வெயிலிலும் வெட்டினார்கள். பள்ளிவிட்டு வந்த நான் கொழுந்து நிறுக்கும் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"ஏங்கய்யா, இந்த வெயில்ல தண்ணி எங்கிருந்துங்க வந்துச்சு?" என்று அம்மா கேட்டார்.

"எல்லாருக்கும் ஒரே வெட்டுதான் செல்லம்மா. வேணும்னா நாளைக்கு மழையக் கூட்டிக்கிட்டு வா" என்றார் கணக்கப்பிள்ளை.

பின்னால் நின்ற அக்கா ஒருவர், "ஐயாவுக்கு நெத்தியில வேர்க்குது பாரு, அந்தத் தண்ணியத்தான் நம்ம சாக்குல எழுதுறாரு" என்றார். வரிசையே சிரித்தது. கணக்கப்பிள்ளையும் சிரித்தபடி எழுதினார். அந்த வெட்டால் நாளுக்குரிய அளவில் ஒரு கிலோ குறைந்து, அம்மாவுக்கு அன்று அரைப்பேர், பாதிக் கூலி. காலையிலிருந்து மலையில் நின்றவர், புத்தகத்தில் பாதி நாள் வந்தவரானார். பின்னாளில், பல்கலைக்கழகம் போகுமுன், ஹட்டனிலிருந்து பத்திரிகைக்குச் செய்தி அனுப்பியபோதும் அந்த மூன்று கிலோவை நான் எழுதியதில்லை. செய்தியாகும் அளவுக்குப் பெரிதல்ல என்று நினைத்தேன்.

புதன்கிழமை உல்ரிகே அளவீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். "திருத்தம் இன்னும் ஓடுகிறதே, ஏன்?" எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கொழுந்து எடைபோட்ட கதையைச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார். "இதில் உன் அம்மா பதிவாக வேண்டிய சிக்னலா, கழிக்க வேண்டிய இரைச்சலா?" என்றார். கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "இந்தச் சேனல்கள் கெட்டவை இல்லை" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும். ஆனால் வரம்பு வரம்புதான்."

வியாழக்கிழமை திருத்தத்தை நிறுத்தினேன். உடனே சில சேனல்கள், துகளே வராமல், தூக்கத்தில் பேசுகிறவர்களைப் போல ஓயாமல் பேசத் தொடங்கின. அவற்றின் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டி மூடினேன். மொத்தம் நாற்பத்தொன்று. மின்செலவு வரம்புக்குக் கீழே இறங்கியது.

வெள்ளிக்கிழமை எல்லாரும் திரையைச் சுற்றி நின்றோம். துகள் கடந்த இடமெல்லாம் ஒளிப்புள்ளிகளாக நிரம்பி, பனிக்குள் ஒரு மலைச்சரிவு மெல்ல விளக்கேற்றிக்கொள்வதுபோல் இருந்தது. "நம் சில்லு" என்று உல்ரிகே என் தோளில் கைவைத்தார். அதுவரை அவர் என்னைச் சேர்த்துச் சொன்னதில்லை. நானும் சிரித்தேன். மற்றவர்கள் ஒளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இருண்டிருந்த நாற்பத்தொரு இடங்களையும் எண் தவறாமல் மனதுக்குள் வாசித்தேன். அவற்றின் வழியாகவும் துகள்கள் போய்க்கொண்டுதான் இருந்தன.