இரண்டாவது கதிரை

மெல்பேர்னில் பக்கத்து வீட்டு இத்தாலியர் தக்காளி காய்ச்சும் மணம், நான் வளர்ந்த சிசிலிக் கிராமத்துக்கு என்னை இழுத்துச் சென்றது. மாலையானால் அங்கே பெண்கள் தத்தம் கதிரையைத் தூக்கிக்கொண்டு யாராவது ஒருவரின் வாசலில் கூடுவர். இலங்கையிலிருந்து புதிதாய்க் குடியேறிய அம்மாவோ எங்கள் வாசலில் இரண்டு கதிரைகள் போட்டுக் காத்திருந்தார்.

"மற்றது ஆருக்கு? உம்மட நிழலுக்கோ?" என்பார் அப்பா.

"வாறவை நிண்டுகொண்டோ கதைக்கிறது?"

மாலைகள் கழிந்தன, கோடைகள் கழிந்தன, ஒருவரும் வரவில்லை. நாங்கள் அந்தக் கிராமத்தைவிட்டுப் புறப்பட்ட அன்றுதான் எதிர்வீட்டுக்காரி கேட்டாள்: "தினமும் யாருக்காக அந்தக் கதிரை? உங்கள் விருந்தினருக்கு இடைஞ்சலாகக் கூடாதென்றே நாங்கள் வரவில்லை."

இன்று மாலையும் அம்மா ஒரேயொரு கதிரையுடன் வாசலுக்குப் போனார். இந்த மெல்பேர்ன் தெருவில் எவரும் வெளியே வந்து அமர்வதே இல்லை.