டவர் இல்லாத மலைக்குப் பாட்டு விற்கிறவன்

பாட்டுப் பிளேயர் விற்கிறவனைக் கண்டால் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "இதையெல்லாம் இன்னும் யாரு வாங்குறாக?" வாங்குகிறார்கள். இல்லாவிட்டால் காலையில் நான் எதற்கு ஷட்டரைத் தூக்குகிறேன்?

கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை. வலதுபக்கம் முழுக்க என் மகன் செந்திலின் செல்போன் சாமான். இடதுபக்கம் என் கண்ணாடிப் பெட்டி. சட்டைப்பையில் போடுகிற சின்னப் பிளேயர், மெமரி கார்டு, வயர் வைத்த இயர்போன், அவ்வளவுதான். பெட்டிக்கு முன்னால் ஒரு ஸ்டூல். என்னிடம் சட்டம் ஒன்றே ஒன்று. ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுப் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது. பிடிக்காதவர்கள் போகலாம். நிறையப் பேர் போயிருக்கிறார்கள்.

நீங்களும் எங்கேயாவது கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பேச்சு வாங்கியவராக இருந்தால் மேலே படியுங்கள். மற்றவர்களுக்கு இது புரியாது. புரியவும் வேண்டாம்.

பெட்டிக்குக் கெடு

ஒருநாள் காலையில் செந்தில் இஞ்ச் டேப்பை வைத்து என் பெட்டியை அளந்துகொண்டிருந்தான்.

"எதுக்குடா அளக்குற?"

"இதை எடுத்துரலாம்ப்பா. இங்கன போனுக்குக் கண்ணாடி ஒட்டுற மேசை போடணும். ஒட்ட வர்றவுக வாசல்ல வெயில்ல நிக்கிறாக."

வெயிலில் நிற்பது உண்மை. அதற்கு என் பெட்டியா கிடைத்தது? முடியாது என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். வீரபாண்டித் திருவிழா வரைக்கும் பெட்டி இருக்கும். அதற்குள் என் பக்கம் வியாபாரம் சூடு பிடிக்காவிட்டால் பெட்டி, ஸ்டூல், நான் எல்லாரும் இடத்தைக் காலி பண்ண வேண்டும்.

"ஸ்டூல் பத்தாமப் போகும், பாரு" என்றேன்.

அவன் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "அந்த ஸ்டூல்ல இப்ப தெனமும் ஒக்காந்திருக்கது என் டீ கிளாஸ் மட்டுந்தான்ப்பா."

நல்ல காது

டீ கிளாஸுக்குப் பிறகு முதலில் உட்கார்ந்தவன் சின்னமனூர்ப் பையன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, லீவில் வந்திருந்தான். ஃபிளாக் ஓடுகிற பிளேயர் வேண்டும் என்றான். ஃபிளாக் என்றால் பாட்டில் எதையும் வெட்டாமல் அப்படியே வைத்திருக்கிற பெரிய ஃபைல். எம்பி3 என்றால் காதுக்குப் பெரிதாகத் தெரியாததைக் கழித்துவிட்டுச் சின்னதாக்கியது. வித்தியாசம் தனக்குத் தெரியும் என்றான். எல்லாரும் சொல்கிறதுதானே என்று ஒரே பாட்டை இரண்டு விதமாகவும் போட்டேன். சரியாகச் சொன்னான். மாற்றி மாற்றிப் போட்டேன். அசரவில்லை. நல்ல காது. எனக்கே கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

"எங்க வச்சுக் கேப்ப?"

"பஸ்லதாங்கய்யா. ஆபீஸ் போக வர."

ஸ்டூலைத் தூக்கி வாசலில் போட்டேன். குமுளி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தது. "இப்பச் சொல்லு" என்றேன். தெரியவில்லை என்று இயர்போனைக் கழற்றினான். "பஸ்ஸுக்கு ஃபிளாக் எதுக்கு? காதை நல்லா அடைக்கிற மாதிரி இயர்போனுக்கு ரப்பரை மாத்து. போதும். வீட்ல அமைதியா ஒக்காந்து கேக்குற காலம் வந்தா வா, பெருசாத் தாரேன்." ரப்பரை மட்டும் வாங்கிக்கொண்டான். அந்தப் பக்கம் செந்தில் தலையில் கைவைத்து நின்றான். பையன் படியிறங்கும்போது கேட்டான்: "நீங்க பிளேயர் விக்க ஒக்காந்திருக்கீகளா, விக்காம இருக்க ஒக்காந்திருக்கீகளாங்கய்யா?"

பந்தலில் விழுந்த ஒற்றைக் காது

சுருளிப்பட்டி ராமராசு திராட்சைக்காரர். கொடியைக் கவாத்து வெட்டும்போது வயர் இல்லாத இயர்போனில் ஒன்று பந்தலுக்குள் விழுந்துவிட்டதாம். தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. அந்த ஒன்றை மட்டும் கொடு என்று நின்றார். செருப்பைக்கூட ஒற்றையாக யாரும் விற்கமாட்டார்கள் என்றேன். வயர் வைத்ததை எடுத்துக் காட்டினேன். ஆகாது என்றார். பந்தலுக்கு அடியில் கையைத் தூக்கியபடியேதான் வேலை. நெஞ்சுக்கு முன்னால் தொங்குகிற வயர் கையில் சுற்றும், கம்பியில் மாட்டும், பிய்ந்துகொண்டு வரும். பட்டவர் சொல்கிறார்.

வயர் எதற்குக் கீழே தொங்க வேண்டும்? அவர் துண்டை வாங்கி, பிளேயரை உள்ளே வைத்துத் தலைப்பாகையாகக் கட்டினேன். வயர் மேலேயிருந்து காதுக்கு இறங்கியது. மிச்சத்தைத் துண்டுக்குள்ளேயே சுருட்டிச் செருகினேன். ஸ்டூலில் உட்காரவைத்துக் கையைத் தூக்கச் சொன்னேன், ஆட்டச் சொன்னேன். எதுவும் மாட்டவில்லை. வாங்கிப் போனார். அடுத்த வாரம் அந்த வழியாக வந்தவரிடம் எப்படி இருக்கிறது என்றேன். "வயரு மாட்டவே இல்லண்ணே. ஆனா தலைப்பாக்குள்ள பாட்டு ஓடுறது எம்பொண்டாட்டிக்குத் தெரியல. கொடியப் பிடிச்சுக்கிட்டு ஆடுறேன்னு பேயோட்டக் கோடாங்கியக் கூட்டியாந்துட்டா!"

நடுவில் வந்த மகள்

ரஹீம் பாய் என் வயசுக்காரர். ஏலக்காய் வியாபாரத்தை மகன் கையில் கொடுத்துவிட்டு இப்போது தோப்புக்கு நடந்து போய் வருகிறார். துபாயில் இருக்கிற மகள் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் மகன் போனுக்குத்தான் வரும். மகன் வெளியே போனால் மகள் குரலும் கூடவே போய்விடும். அதையெல்லாம் பிளேயரில் ஏற்றிக் கொடு என்றார்.

ஏற்றினால் பேர் தெரிகிறது, சத்தம் வரவில்லை. போன் பதிவு பண்ணுகிற ஃபைல் வேறு ஜாதி. என் சின்னப் பிளேயருக்கு எம்பி3தான் தெரியும். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் மாற்றி, மகளுக்குத் தனி ஃபோல்டர் போட்டுக் கொடுத்தேன். அவர் எந்தப் பட்டனை அமுக்கினாரோ, பாட்டும் மகளும் கலந்து மாறி மாறி வர ஆரம்பித்துவிட்டது. எனக்குத் தெரிந்ததும், கொடுங்கள், சரி பண்ணித் தருகிறேன் என்று கையை நீட்டினேன். பிளேயரைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார். "தொடாத மாப்ளே! பாட்டுப் பாட்டாப் போயிக்கிட்டே இருக்கும், திடீர்னு 'அத்தா, மாத்திர போட்டீகளா'ங்கிறா. எப்ப வருவான்னு தெரியாமக் கேக்குறதுதான் நல்லாருக்கு."

ஆளுக்கொரு காது

இப்படி ஒன்றும் இரண்டுமாக வருவதை வியாபாரம் என்று செந்தில் ஒப்புக்கொள்ளவில்லை. திருவிழா நெருங்கிவிட்டது. இஞ்ச் டேப் கல்லாமேலேயே கிடந்தது, நான் பார்க்கட்டும் என்று.

அந்த நேரத்தில்தான் முத்தம்மா வந்து, என்னிடம் வாங்கியிருந்த பிளேயரைப் பெட்டிமேல் பொத்தென்று வைத்தார். ஏலக்காய்த் தோட்டத்துக் கூலிக்குப் போகிறவர். விடிகாலையில் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். பாதி ஏற்றத்திலேயே டவர் போய்விடும். செல்போன் பாட்டெல்லாம் அங்கே ஊமை. ஏலப்பழம் எடுக்கிற விரலில் எந்நேரமும் ஈரமும் மண்ணும். டச் ஸ்கிரீன் அந்த விரலை மதிக்காது, பட்டன் மதிக்கும். அதற்குத்தான் பிளேயர். எத்தனை தடவை சொன்னாலும் இது என் மகன் தலையில் ஏறாது.

"ஒத்தக் காது செத்த சாமானத் தலையில கட்டிட்டீகளேண்ணே!" என்றார் முத்தம்மா.

ஸ்டூலில் உட்காரவைத்து இரண்டு காதிலும் மாட்டினேன். இரண்டும் பேசின. முனகிக்கொண்டே போனார். மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தார், கூடவே செல்வி. ஜீப்பில் பக்கத்துச் சீட்டு.

"செத்தது எம்பக்கம்ணே. அக்கா பக்கம் நல்லாத்தேன் இருக்கு" என்றாள் செல்வி.

"ஏண்டி பொய் சொல்ற? செத்தது எம்பக்கம்!"

"மாத்திக் குடுத்துருங்கப்பா, திருவிழா நேரத்துல சண்டை வேணாம்" என்றான் செந்தில். எதற்கு மாற்ற வேண்டும்? நல்ல சாமான். ஜீப்பில் எப்படிக் கேட்பீர்கள், அப்படியே உட்கார்ந்து காட்டுங்கள் என்றேன். இருவரும் ஒரே ஸ்டூலில் நெருக்கி உட்கார்ந்தார்கள். வயரின் ஒரு முனை முத்தம்மா காதில், இன்னொரு முனை செல்வி காதில்.

பழைய ஜோடிப் பாட்டு ஒன்றைப் போட்டேன். முத்தம்மா முகம் மலர்ந்தது. அடுத்த வரியில் வாடியது, செல்வி முகம் மலர்ந்தது. புரிந்துவிட்டது. சில பழைய பாட்டில் ஆண் குரலை ஒரு பக்கமும் பெண் குரலை மறுபக்கமும் பிரித்து வைத்திருப்பார்கள். இரண்டு காதிலும் கேட்கிறவனுக்கு அது ஒரே பாட்டு. ஜீப்பில் ஆளுக்கொரு காது. முத்தம்மாவுக்கு அவன் மட்டும், செல்விக்கு அவள் மட்டும். என் ஸ்டூலோ இதுவரை ஒற்றை ஆளைத்தான் உட்காரவைத்திருக்கிறது.

கார்டை வாங்கி, இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து, இரண்டு காதிலும் ஒரே சத்தம் வருகிற மாதிரி மாற்றினேன். இதற்கு மோனோ என்று பேர். பழசு என்று கேலி பண்ணுவார்கள். பண்ணட்டும். திரும்பப் போட்டேன். இரண்டு முகமும் சேர்ந்து மலர்ந்தன. செல்வி கன்னத்தில் கைவைத்தாள்: "இவன் என்ன கேட்டான்னே தெரியாமத்தேன் இம்புட்டு நாளும் நான் இவ பதிலக் கேட்டுக்கிட்டிருந்தனா?"

ஸ்டூல் பத்தாத சாயங்காலம்

திருவிழாவுக்கு முன்னால் கடைசி வேலைநாள். மலையிலிருந்து இறங்கிய ஜீப் ஸ்டாண்டுக்குப் போகாமல் நேரே என் கடை வாசலில் நின்றது. உள்ளே இருந்த பெண்கள் அத்தனை பேரும் இறங்கினார்கள். பின்னால் இன்னொரு ஜீப். "ரெண்டு பேருக்கும் முழுப்பாட்டுக் கேக்குற கார்டு" வேண்டும் எல்லாருக்கும். பிளேயர் இருக்கிறவர்கள் கார்டை நீட்டினார்கள். இல்லாதவர்கள், பக்கத்துச் சீட்டுக்காரியோடு கூட்டுச் சேர்ந்து புதுசு கேட்டார்கள்.

அவசரம் என்பதற்காகச் சட்டத்தை விடுவேனா? ஜோடி ஜோடியாக ஸ்டூலில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் கொடுத்தேன். "கோயில்ல சாமி பாக்கக்கூட இம்புட்டு நேரம் ஆகாதுண்ணே" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். ஆகட்டும். பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது. போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்த இரண்டு பையன்கள் உள்ளே நுழைய வழியில்லாமல் வாசலிலேயே நின்றார்கள்.

செந்தில் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என் காதருகில் வந்து, "இன்னொரு ஸ்டூல் எடுத்தாரவாப்பா?" என்றான். கல்லாமேல் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு, இது எதை அளக்க என்று முத்தம்மா கேட்டார். சொன்னேன். உள்ளதைச் சொல்வதற்கு என்ன?

முத்தம்மா இடுப்பில் கைவைத்துச் செந்தில் பக்கம் திரும்பினார்: "ஏலே தம்பி, ஒம்மேசைய அங்கன வாசல்ல போட்டுக்க. கண்ணாடி ஒட்டுறத நின்னுக்கிட்டே பாத்துக்கலாம், பாட்ட ஒக்காந்துதேன்டா கேக்கணும்!"

வாசலில் தகரம் இறக்கி அதன் நிழலில் என் மகன் இப்போது கண்ணாடி ஒட்டுகிறான், பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஸ்டூல் இரண்டாகிவிட்டது, அவன் டீ கிளாஸை வைக்கத்தான் இடமில்லை.