பொம்மைக்கு அம்மாவாகப் போனேன்

ரப்பர் செருப்புக் கடையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தையின் தலைவாசனை அடிக்கிறது. ரப்பர் குழந்தை. பத்து மாத உருவம், திறந்த வாய், அழத் தெரியாத முகம். சென்னையிலிருந்து பயிற்சி கொடுக்க வந்த டாக்டரம்மா அதைப் பெட்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தார்.

இரண்டாயிரங்களின் தொடக்க வருடங்கள். எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மூச்சுத் திணறும் குழந்தை வந்தால் என்ன செய்வது என்று அங்கே பொம்மையை வைத்து ஒத்திகை. பொம்மைக்கு ஓர் அம்மா வேண்டுமாம். பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா என்னை இழுத்துப் போனாள். "நீதான் வாய் ஓயாம பேசினே இருப்பியே, வா." போனேன். என் மகளுக்கும் அப்போது பத்து மாதம்; அவளுக்கு ஒன்று என்றால் நான் ஓட வேண்டியதும் அந்த வாசலுக்குத்தான்.

டாக்டரம்மா என் காதில் சொன்னார்: "நீங்க திருப்புட்குழிலேருந்து பஸ்ல வந்த அம்மா. கொழந்த வேர்க்கடலைய வாயில போட்டுக்கிச்சு. கேட்டா மட்டும் சொல்லுங்க."

கேட்டால்தானே!

பொம்மையைக் கையில் வாங்கினார்கள். அடுத்த நொடி வார்டுக்காரம்மா என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "வெளிய நில்லும்மா, டாக்டர் பாத்துக்கினு இருக்காரு இல்ல." நிஜ அம்மாக்களைத் தினமும் தள்ளிப் பழகிய கை, அதில் நடிப்பே இல்லை. தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளே ஆக்சிஜன் என்றார்கள், ஊசி என்றார்கள், நரம்பு கிடைக்கவில்லை என்றார்கள். குழந்தையின் தொண்டையில் கடலை. அந்தச் சேதி என் தொண்டையில். கேட்டால் மட்டும் சொல்வது என்ற விதியெல்லாம் பறந்துவிட்டது. கதவை இடித்தேன், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வீட்டுத் தறியே நின்றுபோகும்படி இடித்தேன். "கடலைங்க! கடலை மாட்டிக்கிச்சு!"

உள்ளே சிரிப்பு. "அந்தம்மா சூப்பரா நடிக்கிறாங்க டாக்டர்!" சிரிப்பில் நர்ஸ் அக்காவின் குரலும் இருந்தது.

பொம்மை செத்துப்போனது.

கதவு திறந்ததும் டாக்டரம்மா கேட்டார்: "அம்மாவ யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?" கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டியிருந்தால் கடலை வந்திருக்கும் என்றார். ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே, "பொம்மதானே மேடம். அம்மாவ உள்ள விட்டா ஒப்பாரிதான், வேல நடக்காது," என்றார்.

"இன்னொரு தடவ செய்யுங்க," என்றேன்.

போண்டா ஆறிவிடும் என்றார் பெரிய டாக்டர். போட்டோவுக்கு நின்றார்கள். செத்த குழந்தையை நடுவில் வைத்துக்கொண்டு, சிரித்த முகமாக.

குழந்தையின் மூச்சு எந்த நொடியில் மாறியது என்று ஊரிலேயே ஒருத்திக்குத்தான் தெரியும். அவளைத்தான் முதலில் வெளியே அனுப்புகிறார்கள், செருப்பை வாசலில் விடச் சொல்வதுபோல. இன்றும் எனக்குக் கொதிக்கிறது. பயிற்சி என்று பெயர். அவர்கள் பயின்றது கதவைச் சாத்துவதை.

நர்ஸ் அக்கா கேட் வரை கூட வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் ட்யூட்டில இருந்தா உன்ன வெளிய அனுப்ப மாட்டேம்மா."

"நீ இல்லாத அன்னிக்கி?"

அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"என்னா ஆச்சுன்னு மொதல்ல கத்திச் சொல்லு. அப்பறமா கொழந்தைய குடு. குடுத்துட்டியோ, உன்ன யாரும் கேக்கமாட்டாங்க."