நாலு மூலைத் தலைகள்

ரேஷன் கடையில் எடை போட்டே தலை நரைத்தவன் நான். அட்டை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் அந்த நினைப்பை இறக்கி வைத்துவிட்டு வந்தேன்.

என் மனைவிக்குத் தலைவலி. சாதாரணத் தலைவலி என்றால் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு களையெடுக்கப் போகிறவள் அவள். இது கண்ணுக்குப் பின்னாலிருந்து கிளம்பி, வாந்தியில் போய் முடிந்தது. உத்திரமேரூர் ஆஸ்பத்திரி டாக்டர் நல்ல மனிதர். "தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம், பயப்படாதீங்க" என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் எங்களுக்குப் பயமே வந்தது.

அரசாங்கக் காப்பீட்டு அட்டை வீட்டில் இருந்தது. முகாமில் வெயிலில் வரிசை கட்டி நின்று அவள் வாங்கி வந்தது. எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் அவள் கையால் நாலு மூலையிலும் மஞ்சள் வாங்காமல் தப்பாது. கல்யாணப் பத்திரிகை, மோட்டார் பம்பு, மகனின் ஹெல்மெட் எதையும் அவள் விட்டதில்லை. காப்பீட்டு அட்டையும் அப்படியே மஞ்சள் பூசி, சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது.

"இன்னா சார், கார்டுக்குக் கல்யாணமா?" என்று சிரித்தாலும், ஸ்கேன் சென்டர் பெண் அதை வாங்கிக்கொண்டாள். என் மனைவியைப் பெரிய மெஷினுக்குள் படுக்க வைத்தார்கள். படம் எடுத்தார்கள். அகலமான உறையில் பிலிமைப் போட்டுக் கையில் கொடுத்தார்கள்.

"ரிப்போர்ட்டு எங்கம்மா?" என்றேன்.

"அது தனி சார். படம் எடுக்கறதுக்குக் கார்டு செல்லும். படத்தைப் பாத்து எழுதற டாக்டருக்குச் செல்லாது. அவரு கார்டுல இல்ல."

"மெஷின் கார்டுல கீது, டாக்டர் கார்டுல இல்லையா?"

"ஆமா சார்" என்றாள், எனக்குப் புரிந்துவிட்ட சந்தோஷத்தில்.

ரேஷன் கடையில் நானும் எத்தனையோ பதில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அரிசியைப் போட்டுவிட்டு, அதைப் பொங்கித் தின்ன வேறு அட்டை வேண்டும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

கைக்காசைக் கொடுத்து எழுதி வாங்கிவிடலாம் என்றேன். என் மனைவி மசியவில்லை. "இதுக்கும் துட்டு குடுத்தா, அந்தக் கார்டை இன்னாத்துக்கு வெச்சிக்கினு கீறோம்?" என்றாள். தலை அவளுடையது, அட்டையும் அவளுடையது.

அதற்குப் பிறகு அட்டைக்குப் படம் பார்க்கிற டாக்டரைத் தேடி அலைந்தேன். வாலாஜாபாத்தில் ஓரிடத்தில், செவ்வாய்க்கிழமை வருகிற டாக்டர் பார்ப்பார் என்றார்கள். செவ்வாய்க்கிழமை போனால், அவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். இன்னோரிடத்தில் வாசலிலேயே 'காப்பீட்டு அட்டை ஏற்கப்படும்' என்று ஆளுயரத்துக்குப் போர்டு. உள்ளே போய் நீட்டினேன். "அது முன்னாடி இருந்தவங்க போர்டு சார், நாங்க இன்னும் கழட்டல" என்றார்கள். உத்திரமேரூர் டாக்டரோ, ரிப்போர்ட் இல்லாமல் தான் வாயைத் திறக்கக் கூடாது என்றார்.

அட்டையே கேட்காமல் படம் பார்க்கிறவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர். என்றைக்கோ ஒரு நாள் கால் உடைந்து எக்ஸ்ரே எடுத்திருந்தால் போதும், அவர் பாதி டாக்டர். சாமி படத்துக்குப் பின்னால் அவள் வைத்திருந்த உறையை எடுத்து வந்து, பிலிமை வாசலில் வெயிலுக்குப் பிடித்தேன். வரிசை வரிசையாகச் சின்னச் சின்னத் தலைகள், எல்லாம் அவளுடைய தலைதான். பக்கத்து வீட்டு டிராக்டர்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இன்னாணா, இந்த மூலையில கறுப்பா ஒன்னு கீதே?"

பார்த்தேன். இருந்தது. ஒரு மூலைத் தலையில் மொச்சைக்கொட்டை அளவுக்கு. எதிர் மூலைத் தலையிலும் ஒன்று.

"பரவுதுபோல கீது" என்றார் குரலைத் தாழ்த்தி. எங்கள் தெருவில் தாழ்த்திய குரல் சமையலறை வரைக்கும் கேட்கும். அவள் வெளியே வரவில்லை, பிலிமையும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் என்னை உள்ளே கூப்பிட்டாள். "இப்டி வாங்க. ரசம் வெக்கறதைப் பாத்துக்குங்க."

"எதுக்கு?"

"சும்மாதான்."

வெந்நீர் வைப்பதற்கு மேல் அடுப்பைத் தொடாதவன் நான். புளியைக் கரைக்கச் சொன்னாள். மிளகு எவ்வளவு என்று உள்ளங்கையில் கொட்டிக் காட்டினாள். "நொரை கட்டும்போதே எறக்கிடணும். கொதிச்சா போச்சி" என்றாள். அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. புளிக்கையோடு கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்து, கண்ணில் புகை என்றேன். கேஸ் அடுப்பில் ஏது புகை என்று அவள் கேட்கவில்லை. தினமும் ரசம் வைத்தேன்.

கடைசியில், காஞ்சிபுரத்தில் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் போர்டில் எழுதாத ஒரு சின்ன கிளினிக்கில் அட்டை செல்லுபடியானது. படம் பார்க்கிற டாக்டர், எங்கள் மகள் வயதுப் பெண். பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டினார். மூலையில் குனிந்து பார்த்தார். அவர் பிலிமைக் கழற்றித் திருப்பி, பின்பக்கத்தை நகத்தால் சுரண்டினார். மேஜையில் மஞ்சள் தூள் உதிர்ந்தது.

"யாரும்மா இதுல மஞ்சள் வெச்சது? வெளிச்சத்துல இதுதான் கறுப்பாத் தெரியுது."

"நான்தாம்மா" என்றாள் என் மனைவி. "புதுசா வூட்டுக்கு வந்துதே."

டாக்டர் நாலு மூலையையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு, ஒரு தலை விடாமல் நிதானமாகப் பார்த்தார். "தலைக்குள்ள ஒன்னும் இல்லம்மா, சுத்தமா இருக்கு. ஒத்தத் தலைவலியா இருக்கும். உங்க டாக்டர் மாத்திரை தருவாரு" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். ஊர் நெருங்கும்போது நான் மெல்ல ஆரம்பித்தேன்.

"இன்னிலேர்ந்து ரசம் நீயே வெச்சிடுவ இல்ல?"

"நீங்களே வைங்க."

"அதான் ஒன்னுமில்லன்னு சொல்லிட்டாங்களே."

"இப்ப இல்ல. எப்பனா ஒரு நாளு நெசமாவே வந்துச்சின்னா, மறுபடியும் மொதல்லேர்ந்தா கத்துக்குடுக்கறது?"

அன்றைக்கும் நான்தான் வைத்தேன். அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் கொதித்துப் போய்விட்டது. அவள் அதையே இரண்டாம் தரமும் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டாள்.