முன்னால் ஓடியவள்

எங்கள் தோட்டத்தில் ஓடுவதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். வருசத்துக்கு ஒரு தடவை பசறையிலிருந்து பதுளை மைதானம் வரைக்கும் தோட்டங்களுக்கிடையே ஓட்டப்போட்டி நடக்கும். கோப்பையை எடுக்கிற தோட்டத்துத் துரை அந்த வருசம் பூராவும் மற்றத் துரைமார் நடுவில் தலை நிமிர்ந்து உட்காரலாம். அதனால் ஒவ்வொரு தோட்டமும் ஓட்டக்காரன் ஒருவனை வைத்துப் போஷித்தது.

எங்கள் தோட்டத்து ஓட்டக்காரர் என் அண்ணன். அவருக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், காவல் வேலை. மலை ஏற வேண்டாம், மழையில் நனைய வேண்டாம். ஓடிப் பழகும் காலை நேரத்துக்கும் பேர் போடுவார்கள். ஒரு நாள் சம்பளத்தை நாங்கள் ஒரு பேர் என்போம். அதற்கு மேல் தினமும் ஒரு முட்டை.

பெண்களுக்கும் அன்றைக்கு ஓட்டம் உண்டு. மைதானத்தைச் சுற்றி வர வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வருசம் நான்தான் முதலாவது. ஆண்களுக்குப் பரிசு காசாகக் கிடைத்தது, எனக்கு அலுமினியச் சட்டி. இரண்டாம் வருசச் சட்டிக்கு மூடியும் கொடுத்தார்கள். அதை முன்னேற்றம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அண்ணனைப் பழக்கும் பொறுப்பு கணக்கப்பிள்ளையுடையது. அந்த யோசனை அவருடைய மூளையில் உதித்ததுதான்.

"முன்னால ஒரு ஆள் ஓடுனாத்தான் பின்னால வர்றவனுக்கு வேகம் வரும். ஒன் தங்கச்சிய ஓடச் சொல்லு" என்றார்.

விடியுமுன்னே பனிமூட்டத்துக்குள் நான் முன்னால், அண்ணன் பின்னால். ஒரு நாளும் அவர் என்னைப் பிடித்ததில்லை. ஓடி முடிந்ததும் நான் பாலில்லாத சாயத்தண்ணியை வாயில் ஊற்றிக்கொண்டு, கூடையைத் தூக்கிப் பெரட்டுக்கு ஓடுவேன். அங்கே ஆள் எண்ணி மலைக்கு அனுப்புவார்கள், பிந்தினால் அரைப்பேர். அண்ணன் அடுப்படியில் உட்கார்ந்து முட்டையை உரிப்பார். ஒரு நாள் பாதியைப் பிட்டு என் பக்கம் நீட்டினார். அம்மா அதைப் பிடுங்கி அவர் தட்டிலேயே வைத்தார்.

"அது தோட்டத்து முட்டை. இவளுக்குக் குடுத்தது தெரிஞ்சா அதையும் நிப்பாட்டிருவாங்க."

அண்ணன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த முட்டையைத்தான் வெறுத்தேன்.

அது பஞ்சம் வந்த நேரம். ரேஷன் கூப்பனுக்குக் கிடைத்த கோதுமை மா அரை வாரத்துக்குக் கூடக் காணாது. கீரை பிடுங்கிப் பிடுங்கி நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றித் தரை மொட்டையாகிவிட்டது. கீழ் லயத்தில் பிள்ளைகள் வயிறு வீங்கிக் கிடந்தார்கள். ஆணுக்குக் கிடைப்பதை விடக் குறைவான பெண்ணாள் சம்பளத்தை வைத்துக்கொண்டு அம்மாவும் நானும் மட்டும் இருந்திருந்தால் எங்கள் வீடும் அப்படித்தான் ஆகியிருக்கும். அண்ணனின் ஸ்டோர் வேலைதான் எங்களை நிறுத்தி வைத்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவர் விழுந்தார். பாலத்தைத் தாண்டி ரோடு திரும்பும் வளைவில் கல்லெல்லாம் பாசி பிடித்துக் கிடந்தது. எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த காலடிச் சத்தம் சட்டென்று நின்றது. திரும்பி ஓடிப் போய்ப் பார்த்தேன், முழங்கால் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அதற்குப் பிறகு அவர் நேராக நடக்கவே இல்லை.

கொஞ்ச நாளில் கணக்கப்பிள்ளை மடுல்சீமைப் பக்கத்திலிருந்து ஒருவனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். ஒல்லியாக, கால் மட்டும் நீளமாக இருந்தான். இனி இவன்தான் ஓட்டக்காரன் என்றார். அம்மா கை கூப்பினார்.

"எம்மகனால மலை ஏற முடியாதுங்க. அந்த ஸ்டோர் வேலைய மட்டும் எடுத்துராதீங்க."

கணக்கப்பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவ இவனுக்கு முன்னால ஓடட்டும். அதுவரைக்கும் ஒங்க மகன் ஸ்டோர்ல இருக்கட்டும். இவன் இவள முந்திட்டான்னா அப்புறம் எனக்கு ஒங்க ஆளுங்க தேவையில்ல."

"அப்ப எனக்கும் பேர் போடுவீங்களா ஐயா?" என்று கேட்டேன். "ஒரு முட்டையாவது?"

அவர் சிரித்தார். "நீ என்ன ஓட்டக்காரியா புள்ள? அவன் தொரத்துறதுக்குத்தானே ஓடுற."

மறுநாளிலிருந்து என் முதுகுக்குப் பின்னால் புதிய காலடி. நான் வளைவில் திரும்பும்போது முதலில் அது பாலத்துக்கு அந்தப் பக்கமே கேட்கும். பிறகு பாலத்துப் பலகையில் கேட்டது. பிறகு பாலத்துக்கு இந்தப் பக்கம். அவன் முட்டை தின்று தேறிக்கொண்டே வந்தான். நான் பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு, இரவில் பாதி ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தேன். ஏற்றத்தில் கண் இருட்டியது. அம்மா தன் ரொட்டியையும் என் தட்டில் வைக்கத் தொடங்கினார். அம்மா மெலிவதைப் பார்த்துக்கொண்டே அதையும் தின்றேன்.

காவலுக்குக் கிளம்பும்போது அண்ணன் வாசலில் நின்று கேட்பார், "எவ்வளவு கிட்ட வர்றான்?"

"பாலத்துக்கு அங்கிட்டுத்தான்" என்பேன். அந்த நாட்களில் அவன் மூச்சு விடும் சத்தமே எனக்குக் கேட்கத் தொடங்கியிருந்தது. தூக்கத்திலும் கேட்டது. வேறு எதற்கும் நான் அவ்வளவு பயந்ததில்லை.

ஒரு நாள் பாலத்தைத் தாண்டியதும் காதுக்குப் பக்கத்தில் அவன் குரல் வந்தது.

"அக்கா, ஒரு வாரமா நான் அடக்கித்தான் ஓடுறேன். ஐயா கண்டுபிடிச்சிட்டாரு. இன்னைக்கும் முந்தலன்னா என்னய திருப்பி அனுப்பிருவாருக்கா."

இருந்த உயிரையெல்லாம் காலுக்குக் கொடுத்து ஓடினேன். வளைவில் அவன் என்னைத் தாண்டிப் போனான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே போனான். மேட்டில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற கணக்கப்பிள்ளை விசில் ஊதியது கேட்டது.

"நல்லா ஓடுன புள்ள. நாளைக்கு வர வேணாம்" என்றார் நான் போய்ச் சேர்ந்ததும். அவர் குரலில் கோபமே இல்லை, அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று பெரட்டுக்குப் பிந்திப் போனதால் எனக்கு அரைப்பேர்.

சாயங்காலம் ஸ்டோரிலிருந்து ஆள் வந்து அண்ணனிடம் காவலுக்குக் கொடுத்திருந்த டோர்ச் லைட்டைத் திருப்பிக் கேட்டான். அண்ணன் அதை வேட்டி முனையால் துடைத்துக் கொடுத்தார். ஆள் போனதும் என்னைப் பார்த்தார். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"எந்த எடத்துல முந்துனான்?" என்றார்.

"நீங்க விழுந்த வளைவுலதான்."

தலையை ஆட்டிக்கொண்டார். அம்மா மூடி போட்ட அந்தச் சட்டியை அடுப்பில் வைத்தார், உள்ளே கீரை மட்டும்தான் இருந்தது.

விடிந்ததும் அண்ணன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, காலை இழுத்து இழுத்து மலை ஏறினார். அதற்குள் அவருடைய கங்காணி மேலேயிருந்து இரண்டு தடவை சத்தம் போட்டுவிட்டார். எனக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது, பாதையும் அகலமாகத்தான் கிடந்தது. ஆனாலும் நான் அவரைத் தாண்டிப் போகவில்லை. மேலே போய்ச் சேரும் வரைக்கும் பின்னாலேயே நடந்தேன். அன்றைக்கும் எனக்கு அரைப்பேர்தான்.