பாஞ்சாலை சுமந்த நஞ்சுக்கொடிகள்

1979 தை மாதத்திலிருந்து எட்டு வருஷத்துக்கும் மேலாக, செவ்வாய்க்கிழமை தவறாமல், திருவண்ணாமலையிலிருந்து மெட்ராஸ் போகும் முதல் பஸ்ஸில் பாஞ்சாலை ஒரு தகரப் பெட்டியோடு ஏறினாள். பெட்டி நிறைய மரத்தூள், அதற்குள் ஐஸ், ஐஸுக்கு நடுவில் பிளாஸ்டிக் பைகளில் நஞ்சுக்கொடிகள். கண்டக்டர் முதலில் மீன் என்று நினைத்தார். விஷயம் தெரிந்ததும் கடைசி சீட்டை அவளுக்கென்று விட்டுவிட்டார். பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

பாஞ்சாலை அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயா. சொந்த ஊர் அடி அண்ணாமலை. கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் பிள்ளை இல்லை என்று புருஷன் இருசப்பன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டபோது அவள் சண்டை போடவில்லை. துணிமூட்டையோடு டவுனுக்கு வந்து ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு ஒற்றை அறையில் குடியேறினாள். யாரும் அவளைத் தேடி வரவில்லை.

வார்டில் குழந்தை பிறந்ததும் எல்லோரும் குழந்தைக்குப் பின்னால் போய்விடுவார்கள். பேசின் சட்டியோடு நஞ்சைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறக் குழிக்குப் போகிறவள் பாஞ்சாலை. அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு நாள்தான் வேதா அவளை நிறுத்தினாள். மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்கிறவள். பெரிய டாக்டரிடம் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"இத குழியில போடாதீங்கம்மா. எனக்கு வேணும்."

"இத வச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?"

"நம்ம உடம்புக்குள்ள வர்ற விஷத்த முறிக்கிறதுக்கு ஒரு சரக்கு இருக்கு. நொதின்னு சொல்லுவோம். அது எப்படி வேலை செய்யுதுன்னு படிக்கணும். படிக்கணும்னா தனியா பிரிச்சு எடுக்கணும். நஞ்சுக்கொடியில அது ஜாஸ்தி."

பாஞ்சாலை கையிலிருந்த சட்டியைக் குனிந்து பார்த்தாள். "நஞ்ச முறிக்கிறது நஞ்சுலயே இருக்குதா?" என்றாள். வேதா சிரித்துவிட்டாள். யாராவது தன் பேச்சைக் கேட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று பாஞ்சாலைக்குத் தோன்றியது.

நஞ்சுக்கொடிகளைச் சேர்த்து வைத்து, லீவு நாளான செவ்வாய்க்கிழமையில் மெட்ராஸுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் பாஞ்சாலை ஒப்புக்கொண்டாள். வேலை லேசாக இல்லை. பெற்றவளைக் கேட்காமல் எடுக்கக்கூடாது என்று வேதா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வேங்கிக்காலிலிருந்து வந்த உண்ணாமலை என்ற பெண் சரி என்று தலையாட்டினாலும் அவள் மாமியார் தங்கம்மாள் விடவில்லை.

"எங்க வூட்டு நஞ்ச எங்க மண்ணுலதான் பொதைக்கணும். எவளோ எடுத்துக்கினு போயி இன்னா செய்வாளோ!"

"செய்வினையெல்லாம் இல்லீங்க. ஐஸ்ல வச்சி பத்திரமா எடுத்துக்கினு போறேன். நாய் நரி தொடாது."

"ஒனக்கு புள்ள குட்டி இருக்குதா? இருந்தா தெரியும்."

பாஞ்சாலை நஞ்சைத் துணியில் சுற்றி தங்கம்மாளின் கையிலேயே கொடுத்தாள்.

கொடுத்தவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு பையிலும் ஒரு நிறத்து நூலைக் கட்டி, எந்த நிறம் யாருடையது என்று மனதில் வைத்துக்கொண்டாள். ஆராய்ச்சிக்கூடத்தில் வேதா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பாள். "பச்ச நூலு மணியம்மாளுது, தண்டராம்பட்டு, மூணாவது பொண்ணு. செவப்பு நூலு திரௌபதி, தலைச்சன் பையன், ரெண்டு நாளு வலியெடுத்துச்சு." ஆராய்ச்சிக்குப் பிறந்த தேதியும் நேரமும் மட்டும் போதும். ஆனாலும் வேதா டீ வாங்கிக் கொடுத்து முழுவதையும் கேட்பாள். வாரம் பூராவும் பாஞ்சாலை நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியது அந்த அரைமணி நேரம்தான்.

1987 ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் போனபோது வேதா வாசலிலேயே நின்றிருந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி. கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், ஐஸ் நிறைந்த கிண்ணத்திலிருந்து சுண்டுவிரல் உயரக் குப்பி ஒன்றை எடுத்துக் காட்டினாள். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் போல ஏதோ இருந்தது.

"வெளிநாட்டுலேருந்து வந்திருக்கு. அதே நொதி, மனுஷங்களோடதுதான். ஆனா மனுஷ உடம்புலேருந்து எடுக்கல. இத எப்படிச் செய்யணும்னு நம்ம உடம்புல எழுதியிருக்குதே, அத மட்டும் காப்பி எடுத்து ஒரு கிருமிக்குள்ள வச்சுட்டாங்க. கிருமி வளர வளர அதுவே செஞ்சு குடுக்குது. ஒரே சுத்தமா இருக்கு. இனிமே நீங்க அஞ்சு மணி நேரம் பஸ்ல அவதிப்பட வேணாம்மா."

பாஞ்சாலை குப்பியையே பார்த்தாள். "அப்ப நஞ்சு வேணாமா?"

"வேணாம். உங்களுக்கும் விடுதலை."

"மொதல்ல காப்பி எடுத்தாங்கன்னீங்களே. அது யாரோடது?"

வேதா குப்பியை ஐஸில் திருப்பி வைத்தாள். "அதுவும் ஒரு நஞ்சுக்கொடியிலேருந்துதான் எடுத்திருக்காங்க."

"யாரு பெத்ததுங்க? பையனா, பொண்ணா?"

"தெரியலம்மா. அதெல்லாம் யாரும் எழுதி வைக்கல."

அன்றைக்குக் கொண்டு போன பைகளை வேதா மனசு கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டாள். பாஞ்சாலை வழக்கம்போலப் பேர் சொன்னாள். ஆனால் பக்கத்து மேஜையில் புது நொதிக்காக யாரோ கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார்கள். வேதா இரண்டு முறை எழுந்து போனாள். மூன்றாவது முறை அவள் திரும்பி வருவதற்குள் பாஞ்சாலை டீயைக் குடித்துவிட்டுப் புறப்பட்டிருந்தாள். வேதாவின் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. சந்தோஷமான சேதியைத்தானே சொன்னாள் என்று திண்டிவனம் வரை நினைத்துக்கொண்டு வந்தாள். செஞ்சி தாண்டியபோது அழுகை வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அறையைப் பெருக்கினாள். பெருக்கிய அறையையே மறுபடி பெருக்கினாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய், நர்ஸ் ராஜம்மாளிடம் செவ்வாய்க்கிழமையும் தனக்கு வேலை போடச் சொன்னாள்.

"லீவு வேணாமா ஒனக்கு?"

"வூட்ல இன்னா இருக்குது நர்ஸம்மா?"

அதிலிருந்து, கூட ஆள் இல்லாமல் வந்து சேரும் பெண்களுக்குப் பக்கத்தில் அவளை உட்காரச் சொன்னார்கள். செங்கம் பக்கமிருந்து காசியம்மாள் என்ற பெண் தனியாக வந்து படுத்தாள். ஒரு பகல் முழுக்கப் பாஞ்சாலையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நகம் பதிந்து ரத்தம் கட்டியது. சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. மூன்று நாளும் கஞ்சி ஊற்றி, தலை வாரிவிட்டவள் பாஞ்சாலைதான். நான்காம் நாள் அண்ணன்காரன் வந்து காசியம்மாளை அழைத்துக்கொண்டு போனபோது, பாஞ்சாலை பின்கட்டில் விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தாள். யாரும் வந்து சொல்லவில்லை.

"அந்தப் பொண்ணு கெளம்பறப்ப உன்னத் தேடுச்சு. வெளி வாசல் வரிக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே போச்சு" என்று மறுநாள்தான் ராஜம்மாள் சொன்னாள்.

"அப்பிடியா" என்றாள் பாஞ்சாலை. காசியம்மாள் படுத்திருந்து இப்போது காலியாக இருந்த கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டு, நாலு மூலையையும் இழுத்துச் செருகினாள்.